கிளினிக் கொப்பி ஆருடைய கையில்?

எங்கட தங்கச்சிக்கு ரைப் 1 நீரிழிவு, எட்டு வயதிலிருந்து. ஊரில் 'சீனி வருத்தம்' என்றால் அது வயசாளிகளுக்கு வருவது, இனிப்புச் சாப்பிட்டு வருவது. ஆகவே வீட்டில் நாங்கள் எல்லாரும் மாறி மாறி விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டோம்: அவளின் உடம்பே இன்சுலின் சுரக்கிற கலங்களை அழித்துவிட்டது, இனிப்புக்கும் இதுக்கும் தொடர்பில்லை, ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட லெனார்ட் தொம்சனுக்கு 14 வயது. அதற்கு முன்பு இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பெரியாக்களாக வளரவே இல்லை. அந்த வகையில் பார்த்தால், பெரியாக்களின் கிளினிக்குக்கு மாறுவது என்ற பிரச்சினையே இன்சுலின் தந்த வரம்தான்.

ஆனால் வரத்தை அனுபவிக்க காலை ஆறு மணிக்கு நம்பர் எடுக்க வேணும்.

சிறுவர் கிளினிக்கில் மிஸ்ஸிக்கு அவளின் ரேர்ம் மார்க்ஸ் கூடத் தெரியும். கொப்பி அம்மாவின் கையில், கேள்வி அம்மாவிடம், பதிலும் அம்மாவிடம். போன வருசம் ஒருநாள் ஒரு கடிதத்தைக் கொடுத்து, "அடுத்த முறையில இருந்து அங்கால போங்கோ" என்றார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அங்கால வாங்கில் முழுக்க அம்மம்மா வயதுக்காரர். பக்கத்தில் இருந்த ஆச்சி, "ஆருக்குப் பிள்ளை வருத்தம், அம்மாவுக்கோ?" என்று கேட்டா. உள்ளே டொக்டர் நேரே தங்கச்சியைப் பார்த்து, "எத்தனை யூனிட் போடுறீங்கள்?" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொல்லத் தொடங்க, "அவவே சொல்லட்டும்" என்றார். டொக்டர் கேட்டது சரிதான். தங்கச்சிக்கு ஊசி போடத் தெரியும். எவ்வளவு போடுவது என்று முடிவெடுக்க அதுவரை ஒருத்தரும் அவளை விட்டதில்லை.

இரண்டு தரம் போனாள். மூன்றாம் தரம் மாட்டன் என்றாள். ரியூசன் இருக்கு என்றாள், தலையிடி என்றாள். பிறகு ஒருநாள் இரவு எங்களிடம் மட்டும் சொன்னாள்: பக்கத்து வாங்கில் இருந்த ஐயாவுக்கு ஒரு கால் இல்லை. "எனக்கும் இப்பிடித்தான் முடியுமா?"

பருவ வயதில் வளர்ச்சி ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும், அளவு கூட்ட வேண்டி வரும். சீனியைக் கட்டுக்குள் வைக்க மிகவும் கஸ்டமான வயதும் கிளினிக் மாறுகிற வயதும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை கிளினிக்கை விட்டால் தேடிப் போக ஆள் இல்லை. இங்கிலாந்தில் நைஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, 13, 14 வயதுக்குள் இந்த மாற்றத்துக்கான ஆயத்தம் தொடங்க வேணும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஒரு ஆள் இருக்க வேணும் என்கிறது. எங்கட பக்கம் ஆளணிப் பற்றாக்குறை எங்களுக்கும் விளங்குது. ஆனால் கடைசி ஒரு வருசம் டொக்டர் பிள்ளையோடு பத்து நிமிசம் தனியக் கதைக்க, புதிதாக எந்தக் கட்டடமும் தேவையில்லை.

வீட்டில் நாங்கள் செய்தது சின்ன வேலை. கொப்பியை அவளிடம் குடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கிழமையின் அளவுகளைப் பார்த்து, எங்கே ஏறியது, ஏன் என்று எழுதுவாள். டொக்டரிடம் கேட்க மூன்று கேள்வி. அந்த ஐயாவின் காலைப் பற்றியும் ஒன்று எழுதியிருந்தாள். எல்லாரையும் விட அம்மாவுக்குத்தான் கஸ்டம். ஒன்பது வருசம் இரவு இரண்டு மணிக்கு எழும்பி விரல் குத்திப் பார்த்தவ. "அப்ப நான் என்னத்துக்கு?" என்று குசினிக்குள் நின்று கேட்டா. அதுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

போன மாதம் தங்கச்சி தனியத்தான் உள்ளே போனாள். நாங்களும் அம்மாவும் வெளியே வாங்கில். வந்தவளிடம் அம்மா, "என்னவாம்?" என்றா.

"கொஞ்சம் கூட்டியிருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்."

"எவ்வளவு கூட்டினது?"

"அம்மா, பசிக்குது. முதல்ல சாப்பிடுவம்."