முதல் பால்

சிரட்டை வரை துருவிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து தேங்காய் மூடியை என் கையிலிருந்து வாங்கி, வெள்ளை எங்கே முடிகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். "இதுக்கு மேல போகாத மக்ளே. தொலி சேர்ந்தா பாலு கறுத்திரும், கேட்டியா." போன ஆவணியில் அவரிடம் சேர்ந்த அன்று சொன்னது. அடுத்த ஒரு மாதம் தேங்காய் துருவுவதும் பிழிவதும் மட்டும்தான் என் வேலை.

அண்ணாச்சிக்கு நாகர்கோவில் பக்கம். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறார். நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் தைப்பொங்கல். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடாத அறுபது பேர் சேர்ந்து திருவான்மியூரில் இலை போட்டுப் பந்தி வைக்க விரும்பினோம். பாதிப் பேர் எங்களை வீகன் என்பார்கள். நனிசைவம் என்ற தமிழ்ச் சொல்தான் எனக்குப் பிடிக்கும். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 'வீகன்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டபோது அவர்களும் எங்களைப் போலச் சைவமாக இருந்து, பிறகு பாலையும் விட்டவர்கள்தான். கன்றுக்குச் சுரந்த பால் கன்றுக்கே என்ற எண்ணம் ஒருமுறை மனதில் இறங்கிவிட்டால் பிறகு டம்ளரைத் தூக்க முடிவதில்லை.

ஆனால் இந்த ஊரில் பண்டிகை நாள்தான் எங்களுக்குக் கடினம். கல்யாண வீட்டில் நெய்க் கிண்ணம் வரும்போது இலை மேல் கையை வைத்து மறைக்க வேண்டும். அம்மா செய்த சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து பண்டிகையன்று ஊருக்கே போகாமல் அறையில் தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் அப்படி இருந்தேன். இலையைக் கையால் மறைக்காமல் உட்காரக்கூடிய ஒரு பந்தி எங்களுக்குத் தேவைப்பட்டது.

சமையல் எனக்கு ஓரளவு வரும் என்றுதான் போனேன். நான் அதுவரை கற்றிருந்தது எதற்குப் பதில் எதைப் போடுவது என்ற கணக்கு மட்டுமே. அவியலுக்கு நிலக்கடலைத் தயிர் உறைய வைத்துக் கொண்டுபோனேன். அண்ணாச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, "அவியலுக்கு என்னத்துக்கு தயிரு? கொஞ்சம் புளித்தண்ணி விடு, இல்லன்னா மாங்கா போடு. எங்க அம்மா அப்படித்தான் வைப்பா" என்றார். எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று இலையின் மேல்பாதியை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வீட்டு வழக்கத்தில் அவை எதிலும் பால் இல்லை. எல்லாம் தேங்காயிலும் தேங்காய் எண்ணெயிலும் நிற்பவை. நான் வேறொரு சமையலை உண்டாக்கப் போனவள். அவர் தன் ஊர்ச் சமையலுக்குள்ளேயே இடம் காட்டினார்.

பருப்புப் பாயசத்தில்தான் உண்மையான பயிற்சி. அறுபது பேருக்கு ஒன்றரைக் கிலோ சிறுபருப்பு, மூன்று கிலோ வெல்லம், பதினைந்து தேங்காய். பருப்பை வாசம் எழும் வரை வறுத்து, தேங்காயை மூன்றாம் முறை பிழிந்த மூன்றாம் பாலில் வேக வைப்பார். மலர வெந்த பிறகே வெல்லம். முந்திக்கொண்டு வெல்லம் விழுந்தால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு குழையாது. கரைத்து வடிகட்டிய வெல்லப் பாகோடு பருப்பு சுண்டச் சுண்டக் கிண்ட வேண்டும். சட்டுவத்தால் உருளியின் அடியில் கீறினால் அந்தக் கோடு மூடாமல் ஒரு நொடி நிற்கும், அதுதான் பதம். நெய் விடுகிற இடமும் அதுதான். அங்கே அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்றார். "கை தானா நெய்ச் செம்புக்குப் போவுது மக்ளே" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் எண்ணெயை எடுத்தார். முப்பது வருஷப் பழக்கத்தை எங்களுக்காக அவர் அப்படி ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பிடித்ததை நான் மறக்க மாட்டேன்.

பிறகு இரண்டாம் பால் விட்டுக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பின்னரே முதல் பால். கார்த்திகையில் ஒத்திகை பார்த்தபோது அடுப்பை அணைத்த கையோடு நான் முதல் பாலை ஊற்றினேன். வெண்கல உருளி சூட்டை விடாது என்று எனக்கு உறைக்கவில்லை. கண் முன்னே பால் திரிந்து, மேலே எண்ணெய் பிரிந்தது. அண்ணாச்சி திட்டவில்லை, கொட்டவும் விடவில்லை. ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்து, "குடி. நாக்கு தெரிஞ்சு வச்சிக்கிடட்டும்" என்றார். இனிப்பு இருந்தது, தேங்காயின் மணம் மட்டும் போயிருந்தது. அன்றிலிருந்து தளதளப்பு முழுதும் அடங்கும் வரை முதல் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

என் நிலக்கடலைத் தயிருக்கும் ஓர் இடம் கிடைத்தது. ரசத்துக்குப் பின் மோர் ஊற்றாமல் அவரால் பந்தியை முடிக்க முடியவில்லை. கடலையை ஊற வைத்துத் தோல் நீக்கி அரைத்து, பிழிந்த பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு உறைய வைப்பேன். முதல் உறை மணக்காது. அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் புதுப்பாலில் விட்டால் சரியாகும். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு நீர்க்கக் கரைத்ததைக் குடித்துப் பார்த்து, "இதை விடலாம்" என்றார் அண்ணாச்சி.

பொங்கலன்று பானையில் அவர் பாலே ஊற்றவில்லை. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை உலையாக வைத்தார். அவர் ஊர் வீட்டில் என்றைக்கும் அப்படித்தானாம். நுரை கட்டி வழிந்தபோது எல்லோரும் குலவை போட்டோம். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களின் குலவை அது.

தும்பு இலையில் பருப்பு விழுந்தது. அதன் மேல் பச்சைத் தேங்காய் எண்ணெய். ஒருவர் பழக்கத்தில் இலையைக் கையால் மறைத்துவிட்டு, பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். பாயசம் வந்ததும் அதை இலையிலேயே ஊற்றி, பப்படம் நொறுக்கி, ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த மட்டிப்பழத்தைப் பிசைந்து எப்படிச் சாப்பிடுவதென்று அண்ணாச்சி வரிசை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். மகளோடு வந்திருந்த ஒரு பெரியவர் மூன்று முறை கேட்டு வாங்கினார்.

சித்திரை முதல் தேதிக்கு இப்போது தொண்ணூறு இலை. நேற்று விடியற்காலை கோயம்பேட்டில் தேங்காய் பொறுக்கும் வேலையை அண்ணாச்சி என்னிடம் விட்டார். ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டி, உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டு எடுத்தேன். மூன்றைத் தள்ளி வைத்தேன். அவர் அந்த மூன்றையும் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டைத் திருப்பி என் சாக்கில் போட்டார்.