காற்றும் மழையும் கூடாரமும்

கூடாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இருவேறு நினைவுகள் எழுகின்றன. சாரணச் சிறுவனுக்கு அது விளையாட்டு. விறகடுப்பு, பாட்டு, நள்ளிரவு வரை உறங்காத குதூகலம். அவனைப் பெற்றவர்களுக்கோ அது பெரும்பாலும் இடப்பெயர்வு. கல்லூரியிற் சாரணர் குழுவைக் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்த நாள்முதல், இவ்விரு நினைவுகளுக்கும் நடுவில் நின்றே நாம் பேசவேண்டியிருக்கின்றது.

சென்ற சித்திரை விடுமுறையில் ஓட்டன் சமவெளியிற் பாசறை அமைப்பதென முடிவுசெய்து, பெற்றோரின் சம்மதக் கடிதங்களைக் கேட்டிருந்தோம். ஒரு மாணவனின் தாயார் கையெழுத்திடாத கடிதத்தையே கொண்டுவந்து எம்முன் வைத்தார். "சேர், நான் தறப்பாளுக்குக் கீழ இருந்தது இந்தப் பிறவிக்குப் போதும். என்ர பிள்ளை ஏன் விரும்பிப் போய் மழைக்குள்ள படுக்கவேணும்?" என்றார்.

கேள்வி நியாயமானது. "பயப்பட ஒன்றுமில்லை" என்று மறுமொழி கூறுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. காற்றுக்கும் மழைக்கும் பயப்படத்தான் வேண்டும். பயந்தவனே நல்ல முளையைத் தேடி அடிப்பான். ஆகவே அவரை அமரச்செய்து, எத்தகைய கூடாரத்தில், எவ்விடத்தில், எவ்வாறு பிள்ளைகளைப் படுக்கவைக்கப்போகின்றோம் என்பதை ஒன்றும் மறையாது எடுத்துரைத்தோம்.

எமக்கும் தறப்பாள் புதிதன்று. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில், வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எமக்கு வயது பதினைந்து. அங்கே ஒரு தோட்டக் காணியில் எம் தந்தையார் தறப்பாள் கட்டிய முறையை இன்றும் மறந்திலோம். காற்று வரும் பக்கத்தை நிலத்தோடு தாழ்த்திக் கட்டினார். மறுபக்கத்தை மட்டும் உயர்த்தினார். கயிறு போடும் துளை கிழிந்துபோன மூலையில் ஒரு சிறு கல்லை உள்ளே வைத்துத் துணியோடு சேர்த்து முறுக்கி, அதன் கழுத்திற் கயிற்றை இறுக்கினார். அம்மூலை பின்னர் எந்தக் காற்றுக்கும் கழலவில்லை. கயிற்றின் வழியே வழிந்து உள்ளே வரும் நீரைத் தடுக்க, தறப்பாளுக்குச் சற்று வெளியே கயிற்றில் ஒரு நூல் துண்டைத் தொங்கவிட்டார். நீர் அந்நூலின் வழியே நிலத்திற் சொட்டிற்று. எந்தச் சாரணர் கைந்நூலையும் அவர் படித்தவரல்லர். பேடன் பவல் பிரவுன்சித் தீவில் முதற் பாசறையை நடத்தியது 1907 இல்; எம் நாட்டிற்குச் சாரணியம் வந்தது 1912 இல். தறப்பாளையும் கிடுகையும் கட்டி மழையை வெல்லும் வித்தை அதற்கெல்லாம் முந்தியது.

ஆயினும் இக்காலக் கூடாரம் வேறு பொருள். பழைய கன்வஸ் துணி நனைந்ததும் நூல்கள் பருத்து இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். அதன் பருத்தி, சணற் கயிறுகளோ நனைந்தாற் சுருங்கும். அதனாலேதான் மழைக்கு முன் கயிற்றைத் தளர்த்துமாறு முன்னைய ஆசிரியர்கள் கற்பித்தனர். நைலோன் அதற்கு நேர்மாறானது. நனைந்தால் நெகிழ்ந்து தொய்யும். எனவே மழை தொடங்கியதும் எழுந்துபோய் இறுக்கவேண்டும். பழைய பாடத்தை இன்றைய துணிக்கு ஓதினால் நள்ளிரவிற் கூடாரம் முகத்தில் வந்து படியும். பொலியெஸ்ரர் துணி அவ்வளவு தொய்வதில்லை. வெயிலையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கும். எம் போன்ற வெப்ப நாட்டினருக்கு அதுவே மேல் என்பது எமது துணிபு.

கூடாரத்தின் பையில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று எழுதியிருப்பதைப் பலர் துணியின் நீளமென எண்ணுகின்றனர். அது நீர்நிரலின் உயரம். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை நிரப்பினால், எவ்வுயரம்வரை நீர் ஊடுருவாது நிற்கும் என்பதே அவ்வெண்ணின் பொருள். பௌதிகம் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல அமுக்கப் பாடம் வேண்டியதில்லை. 1,500 சாதாரண மழைக்குப் போதும். காற்றோடு அடிக்கும் மலைநாட்டு மழைக்கு 3,000 இருந்தால் நிம்மதி. தரைவிரிப்புக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஏனெனில் முழங்காலை ஊன்றும்போது ஈர நிலத்து நீரை நாமே மேலே அழுத்துகின்றோம். எனினும் எண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. மழை பெரும்பாலும் துணியினூடாக வருவதில்லை, தையலினூடாகவே வருகின்றது. கொழும்பில் ஒரு கடையில் மலிவு விலையில் வாங்கிவந்த கூடாரமொன்றின் தையல்மேல் ஒட்டியிருந்த நாடா, நகத்தாற் சுரண்டிய மாத்திரத்தில் உரிந்து வந்ததைக் கண்டோம்.

வடிவத்தைப் பற்றி ஒன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப அது கூடும். ஆகவே எழுந்து நின்று சட்டை மாற்றத்தக்க உயரமான கூடாரங்கள் கடைக்கு அழகு, மலைக்கு ஆபத்து. தாழ்ந்த கவிகை வடிவமும், ஒன்றையொன்று பலவிடங்களிற் குறுக்கறுக்கும் கோல்களும், நிலத்தை எட்டும் மேல்விரிப்பும் உள்ளதைத் தேர்வதே தகும். கோல்கள் அலுமினியமாயின் வளையும், பெரும்பாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். கண்ணாடி நாராயின் பிளந்து துணியையும் கிழிக்கும்.

கயிறு கட்டும் கலையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தோர் அறிவர்: முச்சை பிழைத்தாற் பட்டம் குத்துண்டு விழும். கூடாரமும் ஏறவிடாது கட்டிவைத்த பட்டமே. எல்லாக் கயிறுகளிலும் ஒரே அளவான இழுவிசை இருக்கவேண்டும். ஒரு கயிறு மட்டும் விண் கூவுவதுபோல் ஒலித்தால், மற்றையவை சோம்பியிருக்கின்றன என்று பொருள். முளையை நேராக அடியாமல், அதன் தலை கூடாரத்திற்கு அப்பாற் சாயுமாறு அடித்தல் வேண்டும். எங்கள் செம்மண்ணின் கீழ் சுண்ணக்கல் தட்டுமிடத்தில் அலவாங்கினாற் குழியிட்ட பின்பே முளை இறங்கும். கடற்கரை மணலில் எந்த முளையும் நில்லாது. உரப்பையில் மணலை நிரப்பி, இடுப்பிற் கயிற்றைக் கட்டி, முழங்கையளவு ஆழத்திற் புதைத்தால் அசையாது. கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் உகந்தைக் கரையிற் காற்றடிக்கும் இரவுகளைக் கழிக்க இவ்வுபாயம் உதவும்.

இடத்தேர்வை நாம் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகின்றோம். சிறந்த கூடாரமும் தவறான இடத்தில் வீண். குன்றின் முதுகு காற்றுக்கு உரியது. பள்ளம் நீருக்கும் குளிருக்கும் உரியது. இரண்டிற்கும் இடைப்பட்ட மெல்லிய சரிவே மனிதருக்கு உரியது. ஓடைக்கரையின் அழகில் மயங்கலாகாது. மேலே எங்கோ பெய்த மழை, நம் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே வந்து சேரும். புல் ஒருபுறமாகப் படிந்து வண்டல் ஒட்டியிருந்தால், நீர் முன்னரே அவ்வழி வந்து சென்றது. மரங்கள் எத்திசைக்கு வளைந்து வளர்ந்துள்ளன என்று பார்த்தாற் காற்று வழமையாக எங்கிருந்து வருகின்றதென விளங்கும். அதற்கு முதுகு காட்டி வாயிலை வைக்கவேண்டும். பட்ட கிளை தொங்கும் மரத்தின் கீழ் ஒருபோதும் படுக்கலாகாது. முற்காலத்திற் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினர். வனப் பூங்காக்களில் அது மண்ணை அரிக்கும் ஆதலால், நீர் தானே வழிந்தோடும் இடத்தைத் தேர்வதே இன்றைய முறை.

தாயார் எல்லாவற்றையும் கேட்டபின், "இடி விழுந்தால்?" என்றார். சித்திரை மாதப் பிற்பகல்களில் இடிமழை வழக்கமாதலால், அது வெறும் அச்சமன்று. எந்தக் கூடாரமும் மின்னலிலிருந்து காவாது என்பதை ஒளிக்காமற் சொன்னோம். இடி கேட்டதும் பிள்ளைகள் யாவரும் பேருந்துக்கோ கட்டடத்துக்கோ சென்றுவிடவேண்டும். அதற்காகவே பேருந்தை இரவும் பகலும் அருகில் நிறுத்திவைக்க ஒழுங்கு செய்திருந்தோம். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டலாகாது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அடைத்த இடத்தில் எழும் நச்சு வாயு மணமற்றது.

அடுத்த சனிக்கிழமை கல்லூரி முற்றத்திற் கூடாரங்களை விரித்துச் சோதிப்பதாகக் கூறி, வந்து பார்க்குமாறு அவரை அழைத்தோம். வந்தார். மாணவர்கள் குழாயால் நீர் அடித்துக்கொண்டிருந்தபோது, போதாதென்று தாமே வாளியை வாங்கித் தம் மகனின் கூடாரத் தையல்மேல் நான்கு முறை ஊற்றினார். பின்னர் உள்ளே நுழைந்து, தரையைக் கையாற் தடவிப் பார்த்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை. அவர் அங்கே என்ன நினைத்திருந்தாரோ, நாம் கேட்கவில்லை. வெளியே வந்து, பேனை கேட்டார்.

ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அச்சமவெளியில் இரண்டாம் நாள் மாலை இடி முழங்கியது. சொன்னபடியே இரண்டு மணி நேரம் பேருந்துக்குள் இருந்தோம். இடி ஓய்ந்தபின்னும் மழையும் காற்றும் நள்ளிரவு வரை நின்றில. பிள்ளைகள் இருமுறை எழுந்து கயிறுகளை இறுக்கினர். விடியற்காலையில் ஒருவன் ஓடிவந்து, "சேர், எங்கட கூடாரம் ஒழுகுது" என்றான். ஒழுக்கு அன்று, குளிருக்குப் பயந்து காற்று வழிகளை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்தமையால், மூவரின் மூச்சும் குளிர்ந்த துணியில் ஒடுங்கித் துளியாகியிருந்தது. மேற்சாளரத்தைத் திறக்கச்செய்தோம். வெளியே ஒரு மரை நின்று அவனுடைய பாணை மென்றுகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் கூடாரங்களை அவிழ்த்துக் கல்லூரி விறாந்தையில் இரண்டு நாள் உலர்த்தினோம். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் எங்கள் வெக்கையில் உட்பூச்சு பிசுபிசுத்து உரியும். பின்னர் எந்த எண்ணும் பயன்படாது. மாணவர்கள் முளைகளை எண்ணினர். 48 உம் இருந்தன, நான்கு வளைந்திருந்தன. அவற்றைப் படிக்கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்திப் பையிலிட்டனர்.