சரிவிலேயே நிற்கும் டிரெக்டர்

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய டிரெக்டர் சமதரையில் நிற்பதைப் பார்ப்பது கஷ்டம். லயத்துக்கு மேலே உள்ள ரோட்டில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க, டயருக்கு ஒரு கல் அண்டக் கொடுத்து நிற்கும். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரில் போட்டு கிளச்சை விட்டால் டப டப என்று பிடித்துக்கொள்ளும். டிரெக்டரை நிறுத்தும் முறையே இதுதான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தோம்.

எங்களில் ஒருவனுடைய மாமா வைத்திருக்கும் மெஸி பெர்குசன் 135ம் அப்படித்தான். 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்த மாடல், எங்கள் அப்பாமாரின் வயது. ஒரு தோட்டத்தில் பழைய வாகனங்களைக் கழித்தபோது வாங்கினார். தேயிலை ஸ்டோருக்கு விறகு, மலைக்கு உர மூட்டை, டவுனுக்கு மரக்கறி, கொழுந்து கூடும் மாதங்களில் வாடகைக்குக் கொழுந்து. ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் அதுதான் அம்புலன்ஸ்.

அப்படி ஒரு ராத்திரிதான் எங்களை இந்த வேலையில் இறக்கிவிட்டது. கீழ் லயத்து அம்மாயிக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். மழை, இருட்டு, லைட்டும் மங்கல். மாமா ஒருத்தரையும் ஏற விடாமல் வண்டியைத் தனியாக உருட்டினார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எஞ்சின் பிடித்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. அம்மாயி நல்லபடியாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கை நடுங்கியது.

கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பெட்டரி செத்துப்போச்சி தம்பி, வேற போடுங்க." புது பெட்டரி என்றால், நாளுக்கு 1,000 ரூபாய் என்றிருந்த காலத்தில், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். காசு சேர்த்து, பாவித்த ஒன்றை வாங்கிப் போட்டோம். செல்ஃப் கிர்ரென்று அடித்தது. மூன்று கிழமை. பிறகு மறுபடியும் அதே 'டக்'. மறுபடியும் அதே கல்.

அப்போதுதான் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான்: "ரெண்டு பெட்டரியும் ஒரே மாதிரி செத்தா, கொல்றது யாரு?"

சாதாரண மீட்டர் ஒன்றை வாங்கி மூன்று தடவை அளந்தோம். முதலில், ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு. 12 வோல்ட் பெட்டரி என்றாலும் உள்ளே ஆறு செல். நன்றாக சார்ஜ் ஆனால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 என்றால் கால்வாசி. எங்களுக்கு 12.0. இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. 10 வோல்ட்டுக்குக் கீழே ரொம்பப் போகக்கூடாது; எங்களுடையது 8க்கு இறங்கியது. மூன்றாவதுதான் முக்கியம்: எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். எங்கள் மீட்டர் 12.0லேயே நின்றது.

அதாவது பெட்டரிக்குள் எதுவுமே போகவில்லை. வங்கியில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்த கணக்கு. அரைகுறை சார்ஜில் கிடக்கும் பெட்டரியின் ஈயத் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் பழைய நிலைக்கு வராது. நாங்கள் வாங்கிய பெட்டரியை நாங்களே கொன்றிருந்தோம். டேஷ்போர்டில் சார்ஜ் இல்லை என்று எரிய வேண்டிய சிவப்பு பல்பு எப்போதோ பியூஸ். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்த மாடலின் ஆரம்ப வண்டிகளில் ஓல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். எங்களுடையதும் அதுதான். பெல்ட்டை இறுக்கிப் பார்த்தோம், மாற்றமில்லை. பிறகு டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பொடிக்கும் இடையில் மீட்டரைப் பிடித்தோம். எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்ட, 20 வோல்ட் பக்கம் ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு ரெகுலேட்டர் பெட்டியிலோ வயரிலோ. எங்களுக்குப் பூச்சியம். கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகி, செப்பு கம்யூட்டேட்டரைத் தொடவே இல்லை. ஹட்டனில் வேறொரு வண்டியின் பிரஷ்தான் கிடைத்தது. அதை அரத்தில் ராவிப் போட்டு, கம்யூட்டேட்டரை மெல்லிய மண்தாளால் துடைத்தோம்.

பூட்டி ஓட்டினால் மறுபடியும் ஒன்றுமில்லை! மாமா சிரித்தார். "அதுக்கு ஒரு தடவ ஞாபகப்படுத்தணும்டா." டைனமோவின் இரும்பில் தங்கியிருக்கும் கொஞ்சக் காந்தத்தை வைத்துத்தான் அது மின்சாரம் எடுக்கத் தொடங்கும், கழற்றிப் பூட்டும்போது அது போய்விடலாம், திசை மாறியும் விடலாம். ஃபீல்ட் வயரைக் கழற்றி, பெட்டரியின் லைவ் முனையில் இருந்து எடுத்த ஒரு வயரால் ஃபீல்ட் முனையை ஒரு நொடி தொட்டார். சின்னதாக ஒரு பொறி. வயரைப் பூட்டி எஞ்சினை வேகப்படுத்தினால் 13.9. இவ்வளவு தெரிந்தவர் ஏன் இத்தனை வருஷமும் கல்லை வைத்துக்கொண்டு இருந்தார் என்று கேட்டோம். "பாஸ்மாருதான் பெட்டரின்னாங்க. நம்ம சொன்னா யாரு கேக்குறா?" என்றார்.

கதை இங்கே முடியவில்லை. இரண்டு மாதத்தில் பெட்டரி மறுபடியும் தளர்ந்தது. இந்தத் தடவை கோளாறு ஒன்றுமே இல்லை. யோசித்துப் பார்த்தால், இந்த டிரெக்டரும் அதன் டைனமோவும் வயல் உழுவதற்குச் செய்தவை. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் நாள் முழுக்க ஒரே வேகத்தில் உழும். எங்கள் வண்டியோ ஒரு மடுவத்தில் நின்று மூட்டை ஏற்றி, அடுத்த மடுவத்தில் நின்று, இறக்கத்தில் எஞ்சினை அடக்கி, ஸ்டோர் வாசலில் காத்து நின்று வருவது. மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. செல்ஃப் 300 ஆம்பியரை 10 நொடி இழுத்தால், அதைத் திருப்பிக் கொடுக்க 10 ஆம்பியர் வீதம் ஐந்து நிமிஷம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து ஸ்டார்ட் என்றால் ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் லைட், குளிர் காலையில் தேர்மோஸ்டார்ட். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் விடியக்காலை பெட்டரியும் சோர்ந்திருக்கும், எஞ்சின் ஒயிலும் தடித்திருக்கும். அந்த ஒன்றேகால் மணி நேர வேகம் எங்கள் ரோட்டில் எங்கே கிடைக்கும்?

2022இல் டீசல் வரிசையில் மாமா எஞ்சினை நிறுத்தாமலே நின்றார். சமதரை, நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது. டீசலுக்காக நின்று டீசலை எரித்தார். புது வண்டி வாங்கலாமே என்று சொல்லவும் முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை சரியாகத் திறக்கவில்லை. திறந்தாலும் காசு எங்கே?

கடைசியில் ஜப்பான் வேனொன்றில் இருந்து கழற்றிய ஓல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தினோம். மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் தரும், ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் பூட்டினால் டயோட் அந்த நொடியே போய்விடும். பழைய மெல்லிய வயர் கூடுதல் கரன்ட்டைத் தாங்காது, மாற்ற வேண்டும். பழைய ரெகுலேட்டர் பெட்டியைச் சுற்றில் இருந்து எடுத்துவிட வேண்டும். அந்தச் சிவப்பு பல்பையும் போடுங்கள்; பல வகை ஓல்டர்னேட்டர்கள் அந்தப் பல்பு வழியாக வரும் கரன்ட்டில்தான் விழிக்கின்றன.

பெட்டரி செத்துப்போச்சி என்று சொல்வதற்கு முதல் ஒரு தடவை அளந்து பாருங்கள். மாமாமாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு இரண்டும் தெரியாமல் போனதால் ஒரு பெட்டரியின் காசு போனது. அந்த ராத்திரி அதைவிடப் பெரியது போயிருக்கும்.

போன மாதம் மாமா முதல் தடவையாகக் கோவில் வாசல் சமதரையில் வண்டியை நிறுத்தினார். கல்லும் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியன்கள் சுற்றி நின்று கேட்டார்கள்:

"மாமா, வண்டி பழுதா?"