தோளிற் சுமப்பவை

விடுதியில் வாழும் மாணவருக்கும் வீட்டிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் மாணவருக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. விடுதி மாணவருக்கு ஓர் அறை உண்டு. அங்கே மேசை உண்டு; மறந்த பொருளை ஓடிச்சென்று எடுத்துவரும் வசதியும் உண்டு. எமக்கோ தோட்பையே அறை. அதில் இல்லாத பொருள் முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

வடமராட்சியிற் கடலோரமாக உள்ள எங்கள் ஊரிலிருந்து காலை ஆறேகாலுக்கு நான் பஸ் ஏறுகிறேன். நெல்லியடியைக் கடந்து, வல்லை வெளியின் உப்புக்காற்றை ஊடறுத்து, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய் எனத் தரித்துத் தரித்து வரும் அவ்வண்டியிலிருந்து நல்லூரில் இறங்கித் திருநெல்வேலியை அடையும்போது எட்டு மணி விரிவுரைக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கும். இப்பயணத்துக்கென என் பையில் இருப்பவற்றை வரிசைப்படுத்தினால் வாசகர் நகைக்கவுங்கூடும். வாழையிலையிற் கட்டிய புட்டுப் பொதி; தண்ணீர்ப் போத்தல்; கார்த்திகை மழைக்கும் சித்திரை வெயிலுக்குமாக ஒரே குடை; குறிப்புக் கொப்பிகள் இரண்டு; நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நூல் ஒன்று; கைத்தொலைபேசி, அதற்கு மின்னூட்டும் கருவி; பருவச்சீட்டு. இந்தப் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். ஆதலால், ஆசனங்கள் காலியாக வரும் தனியார் சிற்றூர்திகளை விட்டுவிட்டு, நிற்கவும் இடமில்லாத சிவப்பு வண்டிக்காகக் காத்துநிற்பது எங்களிற் பலரது வழக்கம்.

இவை யாவும் நானாக எடுத்து வைப்பவை. நானாக வைக்காத பொருள்கள் இரண்டு உண்டு. அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலாவது, தேசிய அடையாள அட்டை. அதனைப் பொலித்தீன் உறையிலிட்டுப் பையின் உட்பையில் வைத்தவர் அம்மா. நாள்தோறும் நான் படலையைத் திறக்கும்போது, "பிள்ளை, ஐசி எடுத்தனியோ?" என்று உரத்துக் கேட்பவரும் அவரே. "எடுத்தனான்" என்று நானும் சலிப்போடு சொல்வேன். பல்கலைக்கழக அட்டை கழுத்திலே தொங்கும்போது இதற்கென்ன அவசரம் என்று முதலாம் வருடத்தில் எண்ணியதுண்டு.

ஆட்பதிவுச் சட்டம் 1968 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அட்டைகள் 1972 முதல் வழங்கப்படலாயின. சட்டத்தின் கண்ணில் அது ஒரு பதிவுத் துண்டு. அம்மாவின் தலைமுறைக்கோ சோதனைச் சாவடியில் வீட்டுக்குத் திரும்புவதா இல்லையா என்பதைத் தீர்மானித்த பொருள் அது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது அம்மாவுக்கு வயது பதினாறு. மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அசையாது நின்ற சனத்திரளுக்குள், அம்மம்மா அவரது தோளில் ஒரு பையை மாட்டியிருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், அடையாள அட்டைகள் என்பனவே அதிலிருந்தன. பாடநூல்களை வைக்க அதில் இடமிருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அம்மா அதன்பின் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அம்மாவின் தோளில் ஏறாத நூல்கள் இன்று என் தோளில் இருக்கின்றன. இதனை உணர்ந்தபின் அவரது கேள்விக்குச் சலித்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது பொருள் மிகச் சிறியது. ஒரு சட்டைப்பின். பையின் தோள்வாருக்கு உட்புறமாக, வெளியே தெரியாதவாறு அது குத்தப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாகப் புறப்பட்ட அன்று வண்டியில் நின்றபோதே கண்டேன். வைத்தவர் அம்மா என்பதில் ஐயமில்லை. ஆனால், அடையாள அட்டையைப் பற்றி நாள்தோறும் உரத்துக் கேட்ட அவர், இந்தப் பின்னைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அதன் பயன் யாதென்பது, சனம் நிறைந்த பஸ்ஸில் நின்று பயணம் செய்யும் பெண்கள் எவருக்கும் விளக்க வேண்டியதன்று. ஆண் வாசகருக்கு மட்டும், அது கிழிந்த சட்டைக்காக வைக்கப்படுவதன்று என்று சொல்லி அமைகிறேன்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் அதனைப் பயன்படுத்த நேர்ந்தது. பின்னால் நின்றவர் ஓவென்று கத்தினார். வண்டியில் இருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர், அவரையன்று, என்னை. நடத்துநர், "சனமான பஸ் எண்டால் அப்பிடி இப்பிடித்தான், தங்கச்சி" என்றார். நான் கோப்பாயில் இறங்கி அடுத்த வண்டிக்காக நின்றேன். விரிவுரை தவறியது. தோழியரிடம் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்றேன். வீட்டில் எதுவுமே சொல்லவில்லை. தவறு செய்தவள் நானே என்பதுபோல் அன்று முழுவதும் நடந்துகொண்டேன்.

சில மாதங்களின் பின், அதே வண்டியில், வெள்ளைச் சீருடையணிந்த மாணவி ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். அவள் தன் புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியோடு ஒடுங்கி நின்ற விதத்திலேயே விடயம் விளங்கியது. நான் பின்னைக் கழற்றி அவளது உள்ளங்கையில் வைத்தேன். அவளும் வினவாமல் வாங்கிக்கொண்டாள். நீர்வேலியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஓர் உதவி செய்தேன் என்ற பெருமிதம் எனக்கு அன்று மாலைவரை இருந்தது.

இரவில் அப்பெருமிதம் நிலைக்கவில்லை. அம்மா எனக்குத் தந்ததை, அவர் தந்தவாறே, வாய் திறவாமல் இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்தது துணிவா, அன்றி, இதைப் பற்றிப் பேசலாகாது என்ற பாடமா? எனக்கு இருபது வயது கடந்துவிட்டது; குரல் இருந்தது. அந்தக் குரலை என் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு ஓர் ஊசியை எடுத்து நீட்டினேன். இத்தகைய தொல்லையைத் தண்டனைக் கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாக்கிய திருத்தம் 1995 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அம்மா பொதியோடு நடந்த அதே வருடம்! சட்டம் வந்த பின்னரும் அது பஸ்ஸுக்குள் ஏறுவதற்கு யாரேனும் ஒருவர் வாய் திறந்தாக வேண்டும்.

மறுநாள் அடுக்களையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. நெடுநேரத்தின் பின், "ஐசியைப் பற்றி அந்த நாளிலை ஊரே கதைச்சது. இதைப் பற்றி ஆர் கதைச்சவை?" என்றார். தானும் பஸ்ஸிற் போய்வந்த காலத்தில் பின்னோடுதான் போனதாகச் சொன்னார். யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொன்னார்.

அன்று எனக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. எல்லோரும் பகிர்ந்த அச்சம் பேச்சாகிறது. படலையில் நின்று உரத்துக் கேட்கக்கூடிய கேள்வியாகிறது. பெண்கள் மட்டும் சுமக்கும் அச்சமோ தோள்வாரின் உட்புறத்திலே தங்கிவிடுகிறது.

கடந்த மாதம் மீண்டும் அவ்வாறானதொரு காலை வாய்த்தது. "அண்ணை, தள்ளி நில்லுங்கோ" என்று வண்டி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டது. அவர் தள்ளி நின்றார். முன்னிருக்கையில் இருந்த முதிய பெண்ணொருவர், "இஞ்சாலை வா, பிள்ளை" என்று ஒதுங்கி இடம் தந்தார். நிகழ்ந்தது அவ்வளவே.

என் பையின் பாரம் இன்னும் குறைந்துவிடவில்லை. புதிய பின் ஒன்று பழைய இடத்திலே இருக்கிறது. ஆயினும், இப்பொழுதெல்லாம் நான் படலையைத் திறக்கும்போது அம்மா இரண்டு கேள்விகள் கேட்கிறார். திண்ணையிற் பத்திரிகை வாசிக்கும் அப்பாவுக்கும் கேட்கும்படியாகவே கேட்கிறார்.

"பிள்ளை, ஐசி எடுத்தனியோ? பின் இருக்கோ?"

முதல் நாள், அந்தப் பின் எதற்கென்று அப்பா கேட்டார். அம்மா சொன்னார்.