நான்கு சுரங்கள்

2016 மே மாதம். லண்டன் பார்பிகன் அரங்கம். பிபிசி நடத்தும் இளம் இசைக்கலைஞர் போட்டியின் இறுதிச்சுற்று. ஒளிப்பதிவில்தான் பார்க்கிறேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மேடையில் 17 வயதுப் பையன், ஷேக்கு கானே-மேசன். முழங்கால்களுக்கு நடுவே செலோ. அதன் கழுத்து அவன் இடது தோளில் சாய்ந்திருக்கிறது. வாசிப்பது இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் 1959இல் எழுதிய முதல் செலோ கான்செர்ட்டோ. அதில் எடுத்த எடுப்பிலேயே செலோதான் பேசுகிறது. நான்கே சுரங்கள். திரும்பத் திரும்ப, விடாப்பிடியாக. பையனின் கண்கள் மூடுகின்றன. தலை ஒரு பக்கம் திரும்புகிறது, யாரோ காதோடு சொல்வதைக் கேட்பதுபோல.

மூன்றாம் பகுதி வரும்போது ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் போல, அங்கே செலோ மட்டும்தான். பிபிசி சிம்பனி இசைக்குழு முழுவதும் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. அவனுக்கு அவசரமில்லை. ஒரு வரி வாசிக்கிறான், நிறுத்துகிறான், விரலால் தந்தியைச் சுண்டுகிறான். அந்த இடைவெளியை நிரப்பத் துடிக்காத பொறுமை பெரிய வித்வான்களுக்கே லேசில் வராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி, வில் பறந்து, காத்திருந்த குழு வந்து சேர்ந்துகொள்கிறது.

அன்று அவன் வென்றான். 1978இல் தொடங்கிய போட்டியில் கறுப்பினத்தவர் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. அத்தனை ஆண்டும் அந்த நாட்டுக் கறுப்பினப் பிள்ளைகளிடம் இசை இல்லாமலா இருந்தது? வாசல் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீடு நாட்டிங்ஹாமில். தாயின் பூர்வீகம் சியரா லியோன், தந்தையுடையது ஆன்டிகுவா. ஏழு பிள்ளைகள்; பியானோ, வயலின், செலோ என்று ஏழு பேருமே வாசிப்பவர்கள். ஷேக்கு செலோவைத் தொட்டது ஆறு வயதில். வார நாளில் அரசுச் செலவில் நடக்கும் பள்ளி, சனிக்கிழமை லண்டன் ராயல் அகாடமியின் சிறுவர் பிரிவு. அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பின்னால் இருந்த பெற்றோரின் உழைப்பை எந்தக் கேமராவும் படம் பிடிக்கவில்லை.

இன்னொரு பதிவு. 2017 ஆகஸ்ட், ராயல் ஆல்பர்ட் அரங்கம். சினெகே இசைக்குழுவுடன் வாசிக்கிறான். டபுள் பேஸ் கலைஞர் சி-சி நவானோகு 2015இல் கறுப்பின, சிறுபான்மை இனக் கலைஞர்களுக்காகத் தொடங்கிய குழு அது. இந்த முறை பையனை விட்டுவிட்டுப் பின்வரிசைகளைப் பார்க்கிறேன். பல நிறத்துக் கைகள், ஒரே வீச்சில் ஏறி இறங்கும் விற்கள். இங்கே அவன் விதிவிலக்கு இல்லை. அந்தக் காட்சி எனக்கு வெற்றிக் கோப்பையைவிடப் பெரிது.

2018 மே 19, வின்ட்சர் அரச திருமணம் உலகறிந்தது. மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திடப் போன நேரத்தில் ஷேக்கு மூன்று உருப்படிகள் வாசித்தார். அங்கேயும் கண்கள் மூடித்தான் இருந்தன.

வாசிக்கும்போது கண் மூடுகிறவர், பேசும்போது மூடிக்கொள்வதில்லை. 2024 ஜனவரியில் பிபிசி வானொலியில் அவரைப் பேட்டி கண்டார்கள். பிபிசியின் புரோம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில் வழக்கமாகப் பாடும் 'ரூல், பிரிட்டானியா' பலரை எவ்வளவு சங்கடப்படுத்துகிறது என்பது பிறருக்குப் புரிவதில்லை என்றார். அடிமை வணிகம் நடந்த காலத்தில் பிறந்த பாட்டு அது. அதட்டலில்லை, சாதாரணக் குரல்தான். அதற்கே இனவெறி வசைகள் வந்து குவிந்தன. சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த காட்சிக்குப் பதிவே இல்லை. தான் படித்த டிரினிட்டி கத்தோலிக்கப் பள்ளிக்கு அவர் 3,000 பவுண்டு கொடுத்தார். அதனால் 10 பிள்ளைகள் செலோ வகுப்பைத் தொடர முடிந்தது.