இரைப்பையில் புற்று, காலில் ரத்தக் கட்டி

ஞாயிறு, மணிமங்கலம்

பாரிஸ் மருத்துவர் ஆர்மான் த்ரூசோ 1865இல் தம் மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவைத்தார். காரணமே பிடிபடாமல் ஒருவருக்குக் காலில் ரத்தம் உறைந்தால், உள்ளே எங்காவது புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். 1867 ஜனவரி 1 அன்று அதே உறைவு அவர் உடம்பிலேயே தோன்றியது. தமக்கு வந்திருப்பது என்ன நோய் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, மாணவரிடம் சொல்லியும்விட்டார். அந்த வருடம் ஜூன் 23இல் காலமானார். இரைப்பைப் புற்று. புற்றோடு வரும் இந்த உறைவுக் கோளாறுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

செவ்வாய்

விடியுமுன்பே ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்குவது பழகிப்போன சங்கதி. அந்த வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், படுத்து எழுந்தால் வடியும். அதனால்தான் வீட்டில் யாருக்குக் கால் வீங்கினாலும், "நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

இரைப்பைப் புற்றுக்குக் கீமோ எடுப்பவர் விஷயத்தில் இந்தச் சமாதானம் ஆபத்தானது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சூடாக வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயாக வேண்டும். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் கட்டி தெரிந்துவிடும். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைத்தால் திடீரென்று மூச்சு முட்டும், நெஞ்சு வலிக்கும்; உயிரே போகலாம்.

வியாழன் இரவு

புற்றுச் செல்கள் ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தைத் தாமே உண்டாக்குகின்றன. இரைப்பைப் புற்றில் சில வகை சுரக்கும் கோழைப்பொருளும் அதற்குத் துணைபோகிறது. சிஸ்பிளாட்டின் மருந்து, அறுவை சிகிச்சை, படுத்த படுக்கை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணிக்க, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் அலோக் கோரானா 2008இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். இரைப்பை, கணையப் புற்றுகளுக்கு எடுத்த எடுப்பிலேயே 2. கீமோவுக்கு முன் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் 1. தட்டணுக்கள் 3.5 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1. வெள்ளை அணுக்கள் 11,000ஐத் தாண்டினால் 1. மிகையான உடல் பருமனுக்கு 1. மொத்தம் 3 வந்தாலே அதிக ஆபத்து.

இதை உற்றுப் பார்த்தால் கொடுமை புரியும். இரைப்பைப் புண் கசிந்து கசிந்து ரத்தசோகை வருகிறது. அந்தச் சோகையே உறைவுக்கான மதிப்பெண்ணையும் ஏற்றுகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் தட்டணுக்களும் கூடலாம். ஒரே உடம்பில் ஒரு பக்கம் ரத்தம் ஒழுகுகிறது, இன்னொரு பக்கம் உறைகிறது.

சனி

காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்கோ போகிறவர்களின் கைப்பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏற்கெனவே இருக்கும். மதிப்பெண் போட அதுவும் உயரமும் எடையும் போதும். "இவருக்கு உறைவு ஆபத்து எவ்வளவு?" என்று கூடவே போகிறவர் கேட்டே ஆக வேண்டும்.

உறைவுக்கான மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். எடாக்ஸபான் மாத்திரையைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், உணவுப்பாதைப் புற்று உள்ளவர்களுக்கு ரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. எனவே இரைப்பையில் கட்டி அகற்றப்படாமல் இருப்பவர்களுக்குப் பல மருத்துவர்கள் வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசியையே தருகிறார்கள். பல மாதம் போட வேண்டியிருக்கும். வீட்டிலேயே போடக் கற்றுக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.