நான் மூடிய சுவர்

ஹமில்டனில் என் அண்ணாவின் வீட்டு மேற்குச் சுவர் உள்ளே உக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதன்மேல் அலுமினிய சைடிங்கை, அதாவது வெளிச்சுவரைப் போர்த்தும் தகடுகளை, மறுபடி பொருத்தினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதையடுத்தும் ஆயுதத் தொழிலாளர்களுக்காகவும் நாடு திரும்பிய படைவீரர்களுக்காகவும் கனடாவில் அவசரமாகக் கட்டிய ஒன்றரை மாடி மர வீடுகளில் அதுவும் ஒன்று. பின்னாளில் யாரோ மரப்பலகைக்கு மேல் அலுமினியத் தகடு அடித்திருந்தார்கள். ஜன்னல்களை மாற்றுவதற்காக அதைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தப் பழைய அமைப்பில் புதுத் தகடு கிடைப்பது அரிது என்பதால், கழற்றியதையே திரும்ப மாட்டியாக வேண்டும். கட்டட வேலை தெரிந்தவன் என்று அண்ணா என்னிடம் ஒப்படைத்தார்.

இந்தத் தகடுகள் கீழிருந்து மேலாக ஏறும். ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் ஆணி இருக்கும். அடுத்த தகட்டின் கீழ்மடிப்பு அதை மறைத்துக் கொளுவிக்கொள்ளும். கழற்றும்போது மேலிருந்து இறங்க வேண்டும். கொக்கிக் கருவியால் மடிப்பை விடுவித்து, பிறகு ஆணியைப் பிடுங்க வேண்டும். ஒருமுறை மடங்கிய அலுமினியம் தழும்பில்லாமல் நிமிராது. நான் ஒரு தகட்டைக்கூட மடக்கவில்லை. அண்ணா பார்த்தவர்களிடமெல்லாம் என் கைத்திறனைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

தகடுகள் கழன்றதும் ஜன்னலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். பலகை ஈர ரொட்டிபோல் உள்ளே போனது.

சைடிங் மழையை முழுதாகத் தடுப்பதில்லை. இடுக்குகளால் நீர் பின்னால் இறங்கவே செய்யும். உண்மையில் சுவரைக் காப்பது அதற்கு அடியில் போர்த்தும் நீர்காப்புத் தாளும், ஜன்னலைச் சுற்றி நீரை வெளியே வழியவிடும் மடிப்புத் தகடும்தான். அந்தச் சுவரில் இரண்டும் இல்லை. உக்கிய பலகையை வெட்டி எடுத்து, புதுப்பலகை அடித்து, தாள் போர்த்திய பிறகே மூடியிருக்க வேண்டும். சொன்ன செலவும் சொன்ன நாளும் தாண்டிவிடும் என்று மூடிவிட்டேன்.

ஆணிகள் போதாத இடத்தில் இரும்பாணி அடித்தேன். ஈரம் பட்டால் இரும்போடு சேர்ந்த இடத்தில் அலுமினியம் அரிக்கும் என்று தெரிந்திருந்தும் அடித்தேன். ஆணியைத் துளையின் நடுவில் சற்றுத் தளர்வாக விட வேண்டும். குளிர்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் இடையில் 12 அடித் தகடு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நான் இறுக்கி அடித்தேன். அடுத்த கோடையிலேயே தகடுகள் அலையலையாகப் புடைத்தன. பழைய தகடு அப்படித்தான் என்று அண்ணாவிடம் பொய் சொன்னேன்.

அலுமினியம் உக்காது. பின்னாலிருக்கும் மரம் மண்ணாகிப் போனாலும் வெளியே சுவர் நன்றாகவே தெரியும். என் மௌனத்துக்கு அது வசதியாக இருந்தது. உள்சுவரில் கறுப்புப் பூஞ்சை ஏறியபோதுதான் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பவே ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். பணமும் நேரமும் ஒரு காரணம்தான். அவர் ஊரெல்லாம் புகழ்ந்த வேலைக்காரன் என்ற பேரை இழக்கப் பயந்தேன் என்பதே பெரிய காரணம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது என் செலவில் அந்தச் சுவரைத் திறந்திருக்கிறேன். பலகையையும் தாளையும் ஜன்னல் ஓரத்தையும் அண்ணா தன் கையால் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முதல் தகடு ஏறும்.